சராசரி சரிதான்... சர்க்கரை சரியா?

"டாக்டர், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆவரேஜ். 126! ஜாதகம் பார்க்கும்போதே இதையும் பார்த்திருப்பாங்க போல!"

சிரித்துக்கொண்டே நோட்டை என் மேஜைமேல் வைத்தார் அந்தப் பெரியவர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. தனக்கும் மனைவிக்கும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்து, 15 நாள் கணக்கைத் தேதிவாரியாக எழுதி, கூட்டி, வகுத்து, அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படியிருக்கும்மா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"சில நாள் விடியக்காலையில வேர்த்துக் கொட்டுது டாக்டர். கை நடுங்குது. எழுந்து நின்னா கண்ணை இருட்டிக்கிட்டு வருது..."

முடிப்பதற்குள் அய்யா குறுக்கிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஸார். வெறும் பயம். ஆவரேஜ் எனக்கும் அவளுக்கும் ஒண்ணுதானே? எனக்கு ஒண்ணும் பண்ணலையே!"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கணக்கே சொல்லிவிட்டதே, இனி நாம் என்ன பேசுவது என்ற குனிவு அது.

தப்பு கணக்கில் இல்லை. கூட்டலும் சரி, வகுத்தலும் சரி. ஆனால் அந்த அம்மாள் சொன்னதும் சரி! இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அதைக் காட்டத்தான் அன்றைக்கு ஒரு கிராஃப் ஷீட்டை எடுத்து அவர்கள் எதிரிலேயே ஒரு படம் போட்டேன். நீங்களும் வீட்டில் போடலாம். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். பேரன், பேத்தியிடம் ஒரு ஸ்கேலும் பென்சிலும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

சராசரி எதை மறைக்கிறது?

ஒரு கால் கொதிக்கிற வெந்நீரில், இன்னொரு கால் ஐஸ் தண்ணீரில். சராசரி பார்த்தால் சுகமான வெதுவெதுப்பு! நிற்கிறவனுக்கு அல்லவா தெரியும் அவஸ்தை?

சராசரி என்பது எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கிக் கொடுத்துவிடும். மேலே எவ்வளவு போனது, கீழே எவ்வளவு இறங்கியது என்று சொல்லாது. லேபில் எடுக்கும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரிதான். மிக உபயோகமான பரிசோதனை. ஆனால் ஒரே அளவு வந்த இரண்டு பேரில் ஒருவர் சமதரையில் நடப்பவராகவும், இன்னொருவர் மலை ஏறி இறங்குபவராகவும் இருக்கலாம்.

சித்த மருத்துவத்தில் நாடி பார்க்கும்போது துடிப்பின் எண்ணிக்கையோடு நாங்கள் நிறுத்துவதில்லை. நடையையும் பார்ப்போம். சர்க்கரைக் கணக்குக்கும் அப்படி ஒரு 'நடை' உண்டு. அதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் 'பாக்ஸ் பிளாட்'. தமிழில் பெட்டிப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் பிரபலப்படுத்தியவர் ஜான் டூக்கி (1915 - 2000) என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர். 1977ல் வந்த 'எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிஸிஸ்' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே, 1952ல், மேரி எலினார் ஸ்பியர் என்ற அம்மையார் இதே ஜாடையில் ஒரு படத்தைத் தம் புத்தகத்தில் கொடுத்திருந்தார். இன்றைக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் இந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

முதலில் வரிசை!

நோட்டில் தேதிப்படி இருக்கும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்கள். ஸ்கூல் பிரேயருக்கு உயரப்படி நிற்க வைப்பது மாதிரி.

அய்யாவின் 15 நாள்:
108, 112, 115, 118, 120, 122, 124, 126, 128, 130, 132, 134, 138, 141, 142.

அம்மாவின் 15 நாள்:
58, 74, 82, 90, 98, 106, 112, 118, 124, 136, 148, 160, 178, 196, 210.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டுமே 1890. பதினைந்தால் வகுத்தால் 126. அய்யா சொன்னது அட்சர சுத்தம்!

இனி வரிசையிலிருந்து ஐந்தே ஐந்து எண்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஒன்று: மிகச் சிறியது.

இரண்டு: மிகப் பெரியது.

மூன்று: நட்ட நடுவில் நிற்பது. 15 பேர் நின்றால் நடு ஆள் 8வது ஆள். இந்தப் பக்கம் 7 பேர், அந்தப் பக்கம் 7 பேர். இதற்கு 'மீடியன்', அதாவது இடைநிலை என்று பெயர்.

நான்கு: கீழ்ப் பாதி 7 பேரில் நடு ஆள். வரிசையில் 4வது. இது கீழ்க் கால்மானம்.

ஐந்து: மேல் பாதி 7 பேரில் நடு ஆள். வரிசையில் 12வது. இது மேல் கால்மானம்.

கணக்கு இரட்டைப்படையாக வந்தால்? உதாரணமாக 14 நாள் என்றால் நடுவில் ஒருவர் இல்லை, இருவர். 7வதையும் 8வதையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். (கம்ப்யூட்டரில் போட்டால் கால்மானம் ஒன்றிரண்டு முன்னே பின்னே வரலாம். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு முறைகள் உண்டு. பயப்பட வேண்டாம்.)

இப்போது ஐந்து எண்களும் ரெடி.

அய்யா: 108, 118, 126, 134, 142.
அம்மா: 58, 90, 118, 160, 210.

இந்த இரண்டு வரியைப் பார்த்தவுடனேயே பெரியவரின் முகம் மாறியது. படம் போட்டதும் இன்னும் மாறியது.

பெட்டி கட்டலாம், வாங்க!

கிராஃப் ஷீட்டில் படுக்கையாக ஒரு கோடு. இடது ஓரத்தில் 40, வலது ஓரத்தில் 220. ஒரு சென்டிமீட்டருக்கு 20 என்று வைத்துக்கொண்டால் 9 சென்டிமீட்டர் கோடு.

முதலில் அம்மாவுக்கு. 90க்கு நேராக ஒரு நெட்டுக் கோடு, 160க்கு நேராக ஒரு நெட்டுக் கோடு. மேலும் கீழும் இணைத்தால் ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே 118க்கு நேராக இன்னொரு கோடு, அதுதான் இடைநிலை. பெட்டியின் இடது ஓரத்திலிருந்து 58 வரை ஒரு மெல்லிய கோடு, வலது ஓரத்திலிருந்து 210 வரை ஒரு மெல்லிய கோடு. இவற்றை ஆங்கிலத்தில் பூனை மீசை என்கிறார்கள். நாமும் மீசை என்றே சொல்வோம்.

அதற்குக் கீழே, அதே அளவுகோலில், அய்யாவுக்கு. பெட்டி 118லிருந்து 134 வரை. நடுக்கோடு 126. மீசை 108 வரை இந்தப் பக்கம், 142 வரை அந்தப் பக்கம்.

அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பது முக்கியம். தனித்தனி அளவில் போட்டால் ஒப்பிடவே முடியாது.

அய்யாவின் பெட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. 0.8 சென்டிமீட்டர்! அம்மாவின் பெட்டியோ 3.5 சென்டிமீட்டர். மீசையும் நீளம்.

"என்னங்க, என் மீசை உங்க மீசையைவிடப் பெரிசா இருக்கே!" என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

எப்படிப் படிப்பது?

பெட்டிக்குள் இருப்பது நடுவாந்திரமான, சுமார் பாதி நாட்கள். இடது மீசையில் சுமார் கால்வாசி நாட்கள், வலது மீசையில் சுமார் கால்வாசி.

இங்கே நிறையப் பேர் ஒரு தப்பு செய்வார்கள். மீசை நீளமாக இருந்தால் அந்தப் பக்கம் அதிக நாட்கள் என்று நினைத்துவிடுவார்கள். இல்லை! நீளமோ குட்டையோ, ஒவ்வொரு பகுதியிலும் நாட்கள் ஏறத்தாழ ஒரே அளவுதான். நீளமாக இருந்தால் அந்த நாட்கள் சிதறிக் கிடக்கின்றன, குட்டையாக இருந்தால் நெருக்கியடித்து நிற்கின்றன என்று அர்த்தம்.

பெட்டியின் அகலம் சிதறலின் அளவு. அய்யாவுக்கு 134ல் 118 போனால் 16. அம்மாவுக்கு 160ல் 90 போனால் 70. நாலு மடங்குக்கு மேல்!

நடுக்கோடு பெட்டிக்குள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அய்யாவுக்கு நட்ட நடுவில். அம்மாவுக்கு இடது பக்கம் 28, வலது பக்கம் 42. அதாவது மேல் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவின் சராசரி 126 ஆக இருந்தும் இடைநிலை 118 ஆக இருப்பது இதனால்தான். நாலு பெரிய எண்கள் சேர்ந்து சராசரியை மேலே இழுத்துவிட்டன.

தனியே நிற்கும் புள்ளி

டூக்கி ஒரு விதி சொன்னார். பெட்டியின் அகலத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் தள்ளி ஒரு வேலி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே இருக்கும் எண்களை மீசையில் சேர்க்காமல் தனிப் புள்ளியாக வைக்க வேண்டும். வேலிக்குள் இருக்கும் கடைசி எண்ணோடு மீசையை நிறுத்திவிட வேண்டும்.

அய்யாவுக்கு அகலம் 16. ஒன்றரை மடங்கு 24. ஆகவே வேலி 94லும் 158லும். எல்லா எண்களும் உள்ளேதான்.

அடுத்த 15 நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. பழையபடியே எல்லாம் இருக்க, 142க்குப் பதில் ஒரு நாள் மட்டும் 212! சராசரி 131 ஆகிவிட்டது. அய்யா ஆடிப்போய்விட்டார். பெட்டி? அசையவே இல்லை. அதே 118, 126, 134. 212 மட்டும் வேலியைத் தாண்டித் தனியாக ஒரு புள்ளி.

"அன்னிக்குக் காலையில என்ன பண்ணினீங்க ஸார்?"

யோசித்தார். பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு விரலைக் குத்தியிருக்கிறார்! விரலில் ஒட்டிய பழச்சாறு மீட்டரை ஏமாற்றிவிட்டது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

தனிப் புள்ளி வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். உடனே அலறவும் வேண்டாம். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அளவில் தப்பா, உடம்பில் கோளாறா என்று அப்போதுதான் தெரியும்.

58 ஏன் தப்பித்தது?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அம்மாவின் பெட்டிக்கும் வேலி போடுவோம். அகலம் 70. ஒன்றரை மடங்கு 105. 90ல் 105 போனால் சைபருக்கும் கீழே! மேலே 265. ஆக, 58 வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. புள்ளிக்கணக்குப்படி அது 'விலகி நிற்கும் எண்' இல்லை.

ஆனால் வைத்தியப்படி? ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்தான கட்டம். வயதானவர்களுக்கு இந்த இறக்கத்தில் தலைசுற்றி விழுவது, எலும்பு முறிவது, நினைவு தப்புவது எல்லாம் நடக்கலாம். 58 என்பது அந்த வாசல்படியில் நிற்கிற எண்.

வேலி சொல்வது இந்த எண் மற்ற எண்களோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டுமே. உடம்புக்கு நல்லதா என்று அதற்குத் தெரியாது. சிதறல் அதிகமாக இருப்பவருக்கு வேலியும் விரிந்துகொண்டே போகும். கெட்ட எண்ணும் உள்ளே ஒளிந்துகொள்ளும்! அதனால் சர்க்கரைக்குப் பெட்டிப் படம் போடுகிறவர்கள் 70க்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மீசை அந்தக் கோட்டைத் தொட்டால் மற்ற எதையும் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். அதேபோல் மேல் பக்கம், வெறும் வயிற்றுக்கு உங்கள் டாக்டர் சொல்லும் எல்லையில் ஒரு கோடு. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு 80லிருந்து 130 வரை இலக்காகச் சொல்வார்கள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு.

நோட்டுக்குத் திரும்புங்கள்

பெட்டிப் படத்தில் ஒரு குறை உண்டு. வரிசைப்படுத்தும்போது தேதி காணாமல் போய்விடும். 58 எந்த நாள் வந்தது, 210 எந்த நாள் வந்தது என்று படம் சொல்லாது. அதற்கு நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். 58, 74, 82 மூன்றும் எந்த நாட்கள்? இரண்டு சனிக்கிழமைக் காலை, ஒரு துவாதசிக் காலை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை விரதம், ஏகாதசி விரதம்! ராத்திரி வெறும் பால் மட்டும். ஆனால் சர்க்கரை மாத்திரை வழக்கம்போல.

அப்படியானால் 178, 196, 210? அந்த மூன்று நாட்களுக்கும் அடுத்த நாட்கள். காலையில் நடுக்கம் கண்ட பயத்தில் அன்று ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார் அந்த அம்மாள். கீழே போனதும் மேலே போனதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?"

கொஞ்சம் தயங்கினார். "சிறுகுறிஞ்சான் பொடி டாக்டர். நாத்தனார் சொன்னாங்கன்னு நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன். மாத்திரை கொடுக்கிற டாக்டர்கிட்ட சொல்லலை. திட்டுவாரோன்னு..."

சிறுகுறிஞ்சானை நாங்கள் சர்க்கரைக்கொல்லி என்றே சொல்வோம். மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. மதுமேகத்துக்குக் கொடுக்கும் மூலிகைதான். ஆனால் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் வகை. அதோடு இந்தப் பொடியும் சேர்ந்து, வயிறும் காலியாக இருந்தால் சர்க்கரை அதள பாதாளத்துக்குப் போகலாம். மூலிகை என்பதால் தீங்கு செய்யாது என்ற எண்ணத்தை, சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், விட்டுவிடுங்கள். வேலை செய்கிற மருந்து எதுவானாலும் அளவு மீறினால் வேலையைக் காட்டும்.

பொடியை நிறுத்தச் சொன்னேன். மாத்திரையில் நான் கை வைக்கவில்லை. படத்தையும் நோட்டையும் கையில் கொடுத்து, அன்றைக்கே அந்த டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். விரத நாளிலும் ராத்திரி இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

மறுபடி 15 நாள்

அடுத்த கணக்கு இது:
92, 98, 102, 106, 110, 114, 118, 122, 126, 130, 134, 138, 144, 150, 156.

சராசரி கிட்டத்தட்ட 123. முன்பு 126. வெறும் 3 தான் வித்தியாசம்! இடைநிலையோ 118லிருந்து 122க்கு ஏறியிருக்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று தோன்றும்.

பெட்டியைப் போட்டுப் பாருங்கள். 92, 106, 122, 138, 156. அகலம் 70லிருந்து 32 ஆகச் சுருங்கிவிட்டது. இடது மீசை 70 என்ற சிவப்புக் கோட்டைத் தொடவே இல்லை. விடியற்காலை வியர்வையும் போயிற்று.

இதிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. "முந்தா நாள் 210 இருந்தது டாக்டர், ஒரு வேளை கஷாயத்துல 90க்கு வந்துடுச்சு!" என்று சொல்பவர்கள் உண்டு. அம்மாவின் முதல் பெட்டியைப் பாருங்கள். எந்தப் புது மருந்தும் இல்லாமலே அதில் 210ம் இருக்கிறது, 90ம் இருக்கிறது. பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று பொறுக்கிக் காட்டினால் எந்த மருந்தையும் சஞ்சீவி ஆக்கிவிடலாம்! எந்த வைத்திய முறையானாலும் சரி, மருந்துக்கு முன் ஒரு பெட்டி, மருந்துக்குப் பின் ஒரு பெட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெட்டி நகர்ந்ததா, சுருங்கியதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

வீட்டில் போடுவதற்கு முன்...

* வெறும் வயிற்று அளவையும் சாப்பிட்ட பின் எடுத்த அளவையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி.

* நாலைந்து அளவை வைத்துப் பெட்டி கட்டாதீர்கள். இரண்டு வாரமாவது வேண்டும்.

* நாலு ஐந்து புள்ளி வித்தியாசத்துக்குக் கவலைப்படாதீர்கள். வீட்டு மீட்டருக்கான 2013ஆம் வருட சர்வதேசத் தரவிதியே, நூற்றுக்கு 95 அளவுகள் லேப் அளவிலிருந்து, 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள்ளும், 100க்கு மேலே என்றால் 15 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் போதும் என்கிறது. அய்யாவின் பெட்டி அகலம் மொத்தமே 16. அதில் பாதி மீட்டரின் தடுமாற்றமாகக்கூட இருக்கலாம்!

* ரத்த அழுத்தத்துக்கும் இதே முறைதான். மேல் அளவுக்கு ஒரு பெட்டி, கீழ் அளவுக்கு ஒரு பெட்டி.

* வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் முடிந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே என்றால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

* மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம். சித்த மருந்து சாப்பிட்டால் இங்கிலீஷ் டாக்டரிடமும், இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டால் சித்த மருத்துவரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒருவர், "எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொன்னால், "ஆவரேஜ் நார்மல்தானே" என்று வாயை அடைக்காதீர்கள். உடம்பு சொல்வதும் ஒரு கணக்குத்தான்.

அந்தப் பெரியவர் இப்போதும் நோட்டு எழுதுகிறார். அடியில் சராசரிக்குக் கீழே இரண்டு குட்டிப் பெட்டிகள் போடுகிறார். போன தடவை வந்தபோது நோட்டை நீட்டிவிட்டு அவர் பேசவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா, எப்படியிருக்கு?" என்றார்.